மேற்குத் திண்ணைக்கு மரத்தளம்: சான்றிதழ் மரமா, பட்டா தேக்கா, வேறு ஏதாவதா?

மருதமலைச்சாரல்:
வடவள்ளிக்கு மேற்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம்ங்க. பசுமை இல்லச் சான்றுக்கு ஐஜிபிசியில் (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்) பதிவு செய்தாயிற்று. சுவர், ஓடு, மழைநீர் எல்லாம் ஓரளவு முடிவாகிவிட்டது, இழுபறி மலையைப் பார்த்து வருகிற மேற்குத் திண்ணையில்தான். சுமார் 300 சதுர அடி, பாதி கூரைக்குக் கீழே, பாதி வெட்டவெளி. ஈபே என்ற பிரேசில் மரத்தில் டெக் போடலாம், எஃப்எஸ்சி என்ற உலக அமைப்பின் காட்டுச் சான்று உள்ளது, காட்டை அழிக்காமல் வெட்டிய மரம், பாயின்ட்டும் கிடைக்கும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். மாமனாரோ, ஆனைமலைத் தேக்கு இருக்கிற சீமையில் பிரேசிலில் இருந்தா பலகை வர வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. டெக் போட்டு நாலைந்து மழைக்காலம் பார்த்தவர்கள் சொல்லுங்க. விலை அப்புறம். அந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் முதல் கேள்வி.

பேரூர் கல்தச்சன்:
மாமனார் எழுந்து போனது சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன், திண்ணைக்கு மரமே எதற்கு? கருங்கல் பலகை போட்டால் கரையான் இல்லை, எண்ணெய் இல்லை, பேரன் காலத்தில் பெயர்த்தெடுத்து வேறு இடத்திலும் போடலாம். பசுமை பசுமை என்று சொல்லிக்கொண்டு கப்பலில் மரம் இறக்குகிறீர்கள்.

மருதமலைச்சாரல்:
கல்லை யோசிக்காமல் இல்லைங்கண்ணா. மேற்கு வெயில் நேராக விழுகிற இடம். இப்போது இருக்கிற வாடகை வீட்டில் வாசல் முழுக்கக் கல்தான், சித்திரையில் பொழுது சாய்ந்த பிறகும் அதில் உட்கார முடிவதில்லை. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடமாக இருக்க வேண்டும்.

பேரூர் கல்தச்சன்:
ஈபேயும் கருத்த மரம்தானே அம்மிணி, அது மட்டும் சுடாதா?

பச்சைக்கட்டடம்:
சுடும். அடர்த்தியான, நிறம் கூடிய மரம் உச்சிவெயிலில் நன்றாகவே சுடும். ஆனால் ஒரு அங்குலப் பலகைக்குக் கீழே காற்று ஓடுவதால் வெயில் இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும், கல் மாதிரி ராத்திரி வரை சூட்டைப் பிடித்து வைத்திருக்காது. மதியம் 2 மணிக்கு இரண்டுமே வெறுங்காலுக்கு ஆகாது, சாயங்காலம் 6 மணிக்கு மரம் பரவாயில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சான்று விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எஃப்எஸ்சி 1993-இல் தொடங்கிய அமைப்பு. அதன் முத்திரையில் மூன்று வகை: முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம், கலப்பு, மறுசுழற்சி. கலப்பு என்றால் சான்று இல்லாத, ஆனால் சில தணிக்கைகளைத் தாண்டிய மரமும் அதில் சேர்ந்திருக்கலாம். டெக் பலகைக்கு முதல் வகையைக் கேளுங்க. அடுத்தது, பலகையில் அச்சடித்த முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. காட்டில் இருந்து அறுவை மில், ஏற்றுமதி ஆள், இறக்குமதி ஆள், கடைசியாக உங்களுக்கு விற்கிறவர் வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சங்கிலிச் சான்று எண் இருக்க வேண்டும், அந்த எண்ணும் மரத்தின் வகையும் உங்கள் பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். நடுவில் ஒரு கை சான்று இல்லாத கையாக இருந்தால், மரம் எவ்வளவு நல்ல காட்டில் இருந்து வந்திருந்தாலும் அதைச் சான்று மரம் என்று கணக்கில் காட்ட முடியாது. எண்ணை எஃப்எஸ்சியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கலாம், காலாவதியாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். "பேப்பர் எல்லாம் இருக்குதுங்க, அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்கிற கடையில் முன்பணம் கொடுக்காதீங்க.

பாயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்த மரச் செலவில் சான்று மரம் எத்தனை பங்கு என்றுதான் பார்ப்பார்கள். லீட் என்ற இன்னொரு பசுமைக் கட்டட மதிப்பீட்டின் 2009 பதிப்பில் புது மரத்தின் விலையில் பாதிக்குக் குறையாமல் எஃப்எஸ்சி மரமாக இருக்க வேண்டும் என்றே இருந்தது. உங்கள் கதவு, ஜன்னல், அலமாரி ஒட்டுப்பலகை எல்லாம் சாதாரண மரமாக இருந்து, டெக் மட்டும் சான்று மரம் என்றால் பெரிதாக ஒன்றும் விழப்போவதில்லை. பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவதற்கும், பக்கத்தில் கிடைக்கிற பொருளுக்கும் இந்த மதிப்பீடுகளில் தனித்தனியாக இடம் உண்டு. பாயின்ட்டுக்காகத்தான் ஈபே என்றால் ஆர்க்கிடெக்டிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

மரமண்டி:
நான் இறக்குமதி மரம் விற்கிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈபேக்கு நிகராக வெட்டவெளிக்கு மரம் இல்லைங்க. தண்ணீரில் போட்டால் முழுகும், அவ்வளவு கனம். கரையான் கிட்ட வராது, டிரில் பிட் மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, 2024 நவம்பர் 25 முதல் ஈபேயும், அதே மாதிரி டெக்குக்குப் போடுகிற குமாரு மரமும் சைட்டீஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்துவிட்டன. ஏற்றுமதி செய்கிற நாட்டு அரசாங்கத்தின் அனுமதிக் காகிதம் இல்லாமல் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ சரக்கு வெளியே வராது. முன்பு எஃப்எஸ்சி ஒன்றுதான், இப்போது அரசாங்கக் காகிதமும் சேர்ந்து இரண்டு பூட்டு. இந்தக் காலத்தில் முறையாக வருகிற மரத்தைச் சந்தேகப்படுவது நியாயமில்லை.

நொய்யல் வாசகன்:
இரண்டு பூட்டு சரிங்க, சாவி யாரிடம் இருக்கிறது? பிரேசிலில் வெட்டு அனுமதி வாங்கும்போது இந்த ஏக்கரில் இத்தனை ஈபே நிற்கிறது என்று ஒரு கணக்குக் கொடுக்க வேண்டும். 2018-இல் அமேசான் பற்றி வந்த ஓர் ஆய்வு, அந்தக் கணக்குகளில் ஈபேயை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டியிருப்பதை எடுத்துப் போட்டது. இல்லாத மரத்துக்கு அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, அனுமதி இல்லாத காட்டில் வெட்டியதை அந்தக் கணக்கில் ஏற்றிவிடுவது. காகிதம் சுத்தம், மரம் திருட்டு.

முறையாக வெட்டினாலும் கேள்வி போகவில்லை. அங்கே இயந்திரம் வைத்து வெட்டும் காட்டில் ஒரு எக்டருக்கு 30 கன மீட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்த இடத்துக்கு 35 வருஷம் வரை திரும்பி வரக் கூடாது, 50 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடக் கூடாது, விதைக்கு மரம் விட வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஈபே காட்டில் அங்கொன்று இங்கொன்றாக நிற்கிற, மெல்ல வளர்கிற மரம். 35 வருஷத்தில் அது பழைய அளவுக்குத் திரும்பி வராது என்பதே அதைப் படித்தவர்கள் பலரும் சொல்வது. நியூயார்க் கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதை ஈபேயில் போட்டதுதான். 2008-இல் அந்த நகர மேயரே வெப்பமண்டலக் கடினமரத்தைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார், அப்புறம் சில பகுதிகளில் கான்கிரீட்டும் பிளாஸ்டிக் பலகையும் போட்டு, ஊர்க்காரர்கள் அதற்குச் சண்டை பிடித்தது வேறு கதை.

மரமண்டி:
சரி, யாருமே வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காடு நிற்குமா? மரத்துக்கு விலை இல்லை என்றால் தீ வைத்து மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் ஆக்கிவிடுவான், சோயா போடுவான். மரத்துக்கு விலை இருக்கிறதால்தான் ஒருத்தன் அந்தக் காட்டைக் காடாக வைத்திருக்கிறான். சான்று மரம் வாங்குவதன் அர்த்தமே அதுதான்.

நொய்யல் வாசகன்:
இதை மறுக்க மாட்டேன். சான்று பெற்ற காட்டில் எடுக்கப்போகும் ஒவ்வொரு மரத்தையும் முன்கூட்டியே குறித்து, எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எந்த வழியாக இழுக்க வேண்டும் என்று திட்டம் போட்டு வெட்டுகிறார்கள், பக்கத்து மரம் அடிபடுவது நன்றாகவே குறைகிறது. எனக்கு அந்தக் காட்டின் மேல் கோபம் இல்லை. 300 சதுர அடித் திண்ணைக்கு அவ்வளவு அரிய மரம் வேண்டுமா என்பதுதான். ஆனைமலையில் இருக்கிற டாப்ஸ்லிப் என்ற பேரே மேலே வெட்டிய தேக்கைச் சரிவில் உருட்டி விட்ட இடம் என்பதால் வந்தது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்ப் போய்த்தான் காடு மொட்டையானது. அப்புறம் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி வந்து, அடிக்கட்டையில் இருந்து துளிர் விடுகிற மாதிரி வெட்டச் சொல்லி, புதிதாக விதையும் போட்டுத் தேற்றினார். அவர் கல்லறை இன்னமும் அங்கேதான் இருக்கிறது. நம் காடு பட்டதை இன்னொரு காடு படக் கூடாது என்கிறேன்.

ஆழியாறு ஆசாரி:
எந்த மரம் எந்த மரம் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் தச்சு வேலை செய்கிறவன், கெட்டுப்போன டெக்கைப் பிரித்துப் போட்டதுதான் அதிகம். மரம் மோசமாக இருந்து கெட்டதைவிட, போட்ட விதம் மோசமாக இருந்து கெட்டதுதான் நிறைய. காடு காப்பாற்றிக் கொண்டுவந்த மரத்தை ஏழே வருஷத்தில் உளுத்துப்போகிற மாதிரி போட்டால் அதில் என்ன பசுமை இருக்கிறது?

முதல் தப்பு, சிமென்ட் தரை மேலேயே ரீப்பரை, அதாவது பலகையைத் தாங்குகிற சட்டத்தை, படுக்கப்போட்டு அதன்மேல் பலகை அடிப்பது. ஐப்பசி மழைத் தண்ணீர் ரீப்பருக்கு அடியில் நின்று கார்த்திகை முடிய காயாது. பலகை நன்றாக இருக்கும், கீழே ரீப்பர் மாவாகிவிடும். தரைக்கு வாட்டம் விட்டு, தண்ணீர் ஓடுகிற திசையிலேயே ரீப்பர் போட்டு, கீழே சிறு கட்டை கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். மண் தரை என்றால் கல்கால் நட்டு அதன்மேல் சட்டம் ஏற்றுங்க, திராட்சைப் பந்தலுக்கு நடுகிற அதே கல்தான். மரம் மண்ணைத் தொடவே கூடாது, தொட்டால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி.

ரெண்டாவது இடைவெளி. காய்ந்த பலகை என்றால் பலகைக்குப் பலகை 5, 6 மில்லிமீட்டர் விட வேண்டும், மழையில் உப்பினால் ஒன்றையொன்று தள்ளித் தூக்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கிற அடியில் நம் பக்கம் மரம் வெகு வேகமாகக் காயும், அதனால் பச்சை மரத்தைப் போட்டால் இடைவெளி விரல் போகிற அளவு ஆகிவிடும், பலகையும் முறுக்கிக்கொள்ளும். ஈரமானி வைத்துப் பார்த்து 12 சதவீதத்துக்கு உள்ளே இருந்தால் மட்டும் எடுங்க. நாலு அங்குலத்துக்கு மேல் அகலமான பலகை வேண்டாம், அகலம் கூடினால் கிண்ணி மாதிரி வளையும். ரீப்பர் 16 அங்குலத்துக்கு ஒன்று.

ஸ்குரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, 304 போதும், நம் ஊரில் உப்புக்காற்று இல்லை. சாதா இரும்பு ஆணி அடித்தால் தேக்கு, வேங்கை, ஈபே எதுவானாலும் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாக வழியும், அந்தக் கறை போகவே போகாது. ஓட்டை போட்டுவிட்டுத்தான் முடுக்க வேண்டும். பலகை அறுத்த முனையில் மெழுகு பூசாமல் விடுகிறவன் ஆசாரியே இல்லை, தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். கூரைக்கு வெளியே இருக்கிற பாதியில் ரீப்பர் தலையில் தார் நாடா ஒட்டிவிட்டால் ஸ்குரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்காது.

இவ்வளவும் செய்தால் நல்ல தேக்கு போதும். ஆனால் வைரம் மட்டும், அதாவது நடுவில் இருக்கிற முற்றின மரம். அதைச் சுற்றியிருக்கிற வெளுப்பு ஒரு விரல் இருந்தாலும் அந்தப் பக்கம் இரண்டே மழையில் பூஞ்சை பிடிக்கும்.

கோபி கடைமடை:
ஆசாரி அண்ணா, எல்பிபி (கீழ்பவானி) வாய்க்கால் பாசனத்தில் வரப்பு ஓரமாக அப்பா நட்ட தேக்கு இருக்கிறது, 30 வயசுக்குப் பக்கம். தண்ணீர் குடித்து வளர்ந்த தேக்கு பஞ்சு, அதில் சத்தில்லை என்று வியாபாரிகள் சொல்லிச் சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். டெக்குக்கு ஆகுமா?

ஆழியாறு ஆசாரி:
பஞ்சு என்பது விலையைக் குறைக்கச் சொல்கிற பேச்சு தம்பி. வேகமாக வளர்ந்த தேக்கு, பலத்தில் அப்படியொன்றும் மோசம் இல்லை. குறை எங்கே என்றால் வைரத்தில். இளமரத்தில் வெளுப்பு அதிகம், வைரம் இருந்தாலும் அதில் எண்ணெய்ச் சத்து முதிர்ந்த மரத்தளவு ஏறியிருக்காது. 15 வயசு மரத்தை டெக்குக்கு நான் வாங்க மாட்டேன், 30 என்றால் அறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். கன அடிக் கணக்கு உங்களுக்குக் குறையும், ஏனென்றால் வெளுப்பை எல்லாம் தள்ளிவிடுவேன். அந்தப் பலகை வீட்டுக்குள்ளே அலமாரிக்கு ஆகும், வீணாகாது.

பச்சைக்கட்டடம்:
பட்டா நிலத்துத் தேக்கானாலும் வெட்டிக் கொண்டுபோக வனத்துறைக் காகிதம் வேண்டும்ங்க, 1968 மரப் போக்குவரத்து விதி இன்னமும் இருக்கிறது. மலைக் கிராமமாக அறிவித்த இடம் என்றால் 1955 சட்டப்படி வெட்டவே தனி அனுமதி. அலைச்சல்தான், ஆனால் வாங்குகிறவருக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்: எந்தச் சர்வே எண்ணில் நின்ற மரம் என்று கையில் இருக்கும். அமேசான் மரத்துக்கு இந்த அளவு தெளிவு கிடைப்பது கஷ்டம். விவசாயி நிலத்து மரத்துக்கும் சான்று தருகிற மாதிரி மத்திய அரசே 2023 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. நாலு மரம் வைத்திருக்கிறவர் தனியாகப் போய் வாங்குவது கட்டுப்படியாகாது, குழுவாகச் சேர்ந்தால்தான் முடியும்.

மரமண்டி:
தேக்கு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. "பர்மா தேக்கு" என்று புதுசாக யாராவது விற்றால் சற்று நிதானிங்க. மியான்மர் 2014 ஏப்ரல் 1-ஆம் தேதியே உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பேரில் வருவதில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டத் தேக்கும் கலந்திருக்கிறது. அது மோசம் என்று சொல்லவில்லை, பேர் தப்பு.

பச்சைக்கட்டடம்:
உண்மையான பர்மா தேக்கு வேண்டும் என்றால் பழைய மரத்துக்குத்தான் போக வேண்டும். கோயம்புத்தூரில் பழைய பஞ்சாலைக் கட்டடமும் ஓட்டு வீடுகளும் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன, உத்திரமும் கைமரமும் பழைய மரக்கடைக்கு வருகின்றன. பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி முறுக்கவும் போவதில்லை. புதிதாக ஒரு மரமும் வெட்டவில்லை, இதைவிடப் பசுமையான பலகை எனக்குத் தெரியாது. பழைய ஆணி உள்ளே இருக்கும், அறுவை மில்காரர் பிளேடு போய்விடும் என்று திட்டுவார், ஆணி பிடுங்கும் கூலியைத் தனியாக ஒதுக்கிவிடுங்க. ஒரே அளவில், ஒரே நிறத்தில் 300 சதுர அடிக்குக் கிடைக்காது, அந்தக் கலப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்க.

பொள்ளாச்சித் தோப்பு:
எங்கள் பக்கம் வேர்வாடல் நோயில் தென்னை வெட்டி வெட்டி மாள்கிறது. கட்டை எல்லாம் செங்கல் சூளைக்குத்தான் போகிறது. வெட்டிய கட்டையைத் தோப்பிலேயே விட்டால் காண்டாமிருக வண்டு அதில் குஞ்சு பொரித்து நல்ல மரத்துக்கும் ஏறுகிறது, அதனால் எப்படியாவது அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். பிலிப்பைன்ஸில் தென்னையிலேயே தரை போடுகிறார்களாமே. இங்கே ஏன் யாரும் கேட்பதில்லை?

ஆழியாறு ஆசாரி:
கேட்கலாம்ங்க. தென்னையில் தேக்குக்கு நேர்மாறு, வெளிச்சுற்றுதான் கெட்டி, நடுவில் சோறு. வயசான மரத்தின் அடிப்பக்கம், பட்டையை ஒட்டின சுற்றை மட்டும் எடுத்தால் நல்ல கனமான பலகை வரும். வெளிச்சுற்றில் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும், நடுவில் 400-க்கும் கீழே. அறுப்பது சிரமம், மணல் மாதிரி ஒரு சத்து அதில் இருப்பதால் சாதா பிளேடு மழுங்கிவிடும், கார்பைடு பல் வைத்த பிளேடு வேண்டும். பார்க்க அழகு, கறுப்புப் புள்ளி விழுந்து கோடு கோடாக இருக்கும். ஆனால் மருந்து ஏற்றாமல் மழையில் வைத்தால் நிற்காது. கூரைக்குக் கீழே இருக்கிற பாதிக்குத் தாராளமாகப் போடலாம், வெட்டவெளிக்கு நான் போட மாட்டேன்.

காங்கயம் கொரங்காடு:
இந்த இழையைப் பார்த்துவிட்டு ரெண்டு பேர் எனக்குப் போன் செய்து கொரங்காட்டு (எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம்) வெள்வேல், கருவேலம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டார்கள். வண்டிச் சக்கரத்துக்கே கருவேலம்தான், உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் நேராக ஆறடிப் பலகை அதில் வராது, மூணடி நாலடித் துண்டாகத்தான் வரும், காய்கிறபோது வெடிக்கும். அதைவிட முக்கியம், வெள்வேலை நான் தரமாட்டேன். கோடையில் புல் கருகின பிறகு அந்தக் காயும் நிழலும்தான் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கதி. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் சேர்ந்துதான் கொரங்காடு, ஒன்றை உருவினால் மற்றதும் போகும். தானாகப் பட்டுப்போன மரம் இருந்தால் சொல்கிறேன்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. மலை ஓரத்தில் தாழ்வாக டெக் போட்டால் அடியில் எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும். ஓரம் முழுக்கக் காற்றுப் போகிற மாதிரி வலை அடிச்சுடுங்க. சுத்தம் செய்ய ரெண்டு பலகையாவது கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

பேரூர் கல்தச்சன்:
கல்லுக்கு அடியில் பாம்பு வராது, சொல்லிவிட்டேன்.

காங்கயம் கொரங்காடு:
கல் இடுக்கில் தேள் வரும்ங்க மாமா.

மருதமலைச்சாரல்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஆர்க்கிடெக்டிடம் கணக்குக் கேட்டோம். டெக் ஈபே ஆனாலும் ஆகாவிட்டாலும் சான்றில் மாற்றம் ஒன்றும் இல்லை என்று அவரே பார்த்துச் சொல்லிவிட்டார், ஆனால் வெட்டவெளிப் பகுதிக்கு ஈபேதான் நீடிக்கும் என்பதில் மட்டும் இன்னமும் பிடிவாதம். கடையில் சங்கிலிச் சான்று எண் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. அதனால் இப்போதைக்கு இப்படி யோசிக்கிறோம்: கூரைக்குக் கீழே தென்னை, வெளியே பழைய தேக்கு கிடைக்கிற அளவு, பற்றாக்குறைக்குக் கோபி அண்ணாவின் மரத்து வைரம். படி மட்டும் கல், பேரூர் அண்ணாவுக்காக. மாமனார் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் எண்ணெய் பூச வேண்டுமா, எந்த எண்ணெய் என்று மட்டும் சொல்லுங்க.

நொய்யல் வாசகன்:
பூசாவிட்டால் சாம்பல் நிறம் ஆகும், அவ்வளவுதான். மேல்தோல் வெயிலில் வெளுப்பது, மரம் கெட்டுப்போவது இல்லை. எனக்கு அந்தச் சாம்பல்தான் பிடிக்கும்.

ஆழியாறு ஆசாரி:
நிறம் வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கு என்றே விற்கிற, நிறமி கலந்த டெக் எண்ணெய், மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பச்சை ஆளிவிதை எண்ணெயைத் தடவாதீங்க, பூஞ்சை அதைத் தின்று கறுத்துவிடும். முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிச்சட்டத்துக்கும் பலகையின் கீழ்ப்பக்கத்துக்கும் மட்டும், கரையானுக்கு நல்லது, ஆனால் கையில் பட்டால் தோல் உரியும், உறை போட்டுக்கொண்டு பூசச் சொல்லுங்க. வார்னிஷ் எந்தக் காலத்திலும் வேண்டாம், ஒரே கோடையில் உரிந்து தொங்கும். பழைய தேக்கு எடுக்கப் போகிற அன்று சொல்லுங்க, ஈரமானியும் ஒரு சின்ன இழைப்புளியும் எடுத்துக்கொண்டு வருகிறேன், மேலே சீவிப் பார்க்காமல் பழைய மரம் வாங்கக் கூடாது.

கோபி கடைமடை:
அக்கா, வனத்துறைக் காகிதத்துக்கு நாளைக்கே விஏஓ ஆபீஸ் போகிறேன். எத்தனை கன அடி வேண்டும் என்று ஆசாரி அண்ணாவைக் கேட்டுச் சொல்லுங்க.